மூன்று இதயக்காரியின் கேள்விகள்

எனக்குக் கேள்வி கேட்பவர்களைக் கண்டாலே ஆகாது. முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கண்ணாடியப் பாத்தியா? கிளட்ச மிதிச்சியா? அந்த ஆள் குறுக்க வர்றது கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?" என்று கேட்டே வயிறு வளர்த்தவன். கேள்வி என் வாயிலிருந்து வெளியே போகலாம். என்னை நோக்கி வந்தால் சுள்ளென்று ஏறும். அப்படிப்பட்ட என்னை வாரத்தில் மூன்று நாள் ஒரு கேள்விக்காகக் காத்திருக்க வைத்த பெண்ணைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன, இனி இயந்திரம்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். மருத்துவமனையின் மாடியில் நீளமான அறை. சாய்வு நாற்காலிகள் வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம், அதில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரம். வாசலில் எடை பார்க்கும் மெஷின். உள்ளே போகும்போதும் ஏறி நிற்க வேண்டும், வெளியே வரும்போதும் ஏறி நிற்க வேண்டும். திருட்டுத்தனமாக ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

என் மூலைக்கு வந்த டெக்னீஷியன் நாற்பதைத் தாண்டிய பெண். ஒல்லி. தலைமுடியை இழுத்துக் கட்டி, கழுத்தில் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். என் கையைத் தடவிப் பார்த்தார், ஊசியை எடுத்தார், நான் பல்லைக் கடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கேட்டார்.

"மாஸ்டர், எந்த உயிருக்கு மூணு இதயம் இருக்கு?"

சிறுநீரகம் போய்விட்டதென்று வந்தவனிடம் இதயத்தைப் பற்றி என்ன விசாரணை என்று சீறினேன். அதற்குள் இரண்டு ஊசியும் இறங்கியிருந்தன. வலித்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. பதில் அடுத்த தடவை வரும்போது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லித் திட்டினேன். அவள் நியாயமாக என் பக்கம் பேசியிருக்க வேண்டும். மாட்டுக்கு நாலு வயிறு உண்டு, இதயம் எத்தனை என்று தெரியவில்லையே என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் இதே பேச்சு. மூன்றாம் நாள் போனவுடன் பதில் வந்தது: ஆக்டோபஸ். இரண்டு இதயம் செவுள்களுக்கு ரத்தம் அனுப்ப, ஒன்று மற்ற உடம்புக்கு. போதாததற்கு ரத்தமும் நீல நிறம். கோபத்தில் அன்றைக்கே அவருக்கு மூன்று இதயக்காரி என்று பெயர் வைத்தேன். கிண்டலுக்குத்தான் வைத்தேன். ஆனால் அந்தப் பெயர் வார்டு முழுக்கப் பரவி, கடைசியில் மரியாதைப் பெயராகிவிட்டது. முகத்துக்கு நேராக எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாராம், அலுத்துப்போய் விட்டுவிட்டாராம்.

எங்கள் மூலையில் நாலு நாற்காலி. ஆளுக்கு ஒரு பாடம். எனக்கு விளையாட்டு. என் இடது பக்கம் தலைவர். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் ஒரே ஒரு தடவை நின்று மண்ணைக் கவ்வியவர் என்பதால் அந்தப் பெயர், அவருக்கு அரசியல். எதிரே பார்லர் அக்கா. பியூட்டி பார்லர் நடத்துபவர், ஊசி குத்தும்போதும் லிப்ஸ்டிக் கலையாதவர், அவருக்கு சினிமா. ஜன்னல் ஓரம் மீன்தொட்டிக்காரர். வண்ண மீன்கள் விற்கும் கடை வைத்திருந்தார், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார், அவருக்கு இயற்கை.

சட்டம் ஒன்றுதான். கேள்வி இன்றைக்கு, பதில் அடுத்த தடவை. போனில் தேடக் கூடாது. உலகப் போர் நடந்த சமயம் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது ஆஸ்கார் சிலையை எதில் செய்து கொடுத்தார்கள் என்று பார்லர் அக்காவிடம் சிஸ்டர் கேட்டிருந்தார். அக்கா பொறுக்க முடியாமல் போனைத் தட்டிப் பார்த்து, பிளாஸ்டர், மேலே வெறும் பெயின்ட் என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்று நாலு மணி நேரமும் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே எல்லாரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

இது பொழுதுபோக்குக்கு என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மைக் காரணத்தை சிஸ்டர் என்னிடம் சொல்லவில்லை, காத்திருப்போர் பெஞ்சில் இருந்த என் மனைவியிடம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நோயாளி ஒருவரிடம் எப்படி இருக்கீங்க என்று கேட்டாராம். நல்லா இருக்கேன் என்றாராம் அவர். சொல்லி முடிப்பதற்குள் கண் செருகிவிட்டதாம். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த வார்த்தை மேல் சிஸ்டருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது.

"நல்லா இருக்கேன்ங்கறது பழக்கத்துல வர்ற வார்த்தை, அக்கா. மயங்கப் போறவரும் அதத்தான் சொல்றாரு. யோசிக்க வச்சாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அதனால்தான் நடுநடுவே வந்து நின்று, என்ன யோசிச்சீங்க, எதை வைத்து அப்படிச் சொல்றீங்க என்று வாயைப் பிடுங்குவார். பதில் சரியா தப்பா என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. வழக்கம்போல் வருகிறதா என்பதைத்தான் பார்ப்பார். இது எனக்கு எப்படி விளங்கியது தெரியுமா? உலகக் கால்பந்துக் கோப்பை ஒரு தடவை திருட்டுப் போனது, அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டிருந்தார். சிறிது நேரம் கழித்து வந்து, என்ன மாஸ்டர், யார் கண்டுபிடிச்சிருப்பாங்க என்றார். நான், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்" என்றேன். அவ்வளவுதான். மறு நொடி என் நாற்காலி பின்னால் சாய்ந்தது, கால் மேலே ஏறியது, குழாயில் சலைன் ஓடியது. அதற்குப் பிறகுதான் இயந்திரமே கத்தியது. ரத்த அழுத்தம் தரை தட்டியிருந்தது. நினைவு தெளிந்ததும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க மரியாதையா பேசினீங்களே மாஸ்டர். அப்பவே பயந்துட்டேன்."

அடுத்த தடவை பதில் கிடைத்தது. நாய். அதன் சொந்தக்காரர் நடக்கக் கூட்டிப்போனபோது, வேலிச் செடிக்கு அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த கோப்பையை மோப்பம் பிடித்ததாம். போலீஸ்காரர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அன்றைக்கு வார்டில் ஒரு பெரிய விவாதமே நடந்தது.

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று நான் காதில் பூச்சுற்ற மாட்டேன். தப்பும் சொல்வார். தங்கமீனுக்கு நினைவு மூன்றே நொடி என்று ஒரு நாள் அளந்துவிட்டார். அதுவரை வாயே திறக்காத மீன்தொட்டிக்காரர், ஊசியோடு இருக்கிறோம் என்பதையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். என் கடை மீன்கள் என்னைப் பார்த்தால் கண்ணாடி ஓரம் வரும், என் மருமகனைப் பார்த்தால் வராது, மூணு நொடியில மறக்கிற மீன் மருமகனை எப்படி ஞாபகம் வச்சிருக்கும் என்று ஒரு பிடி பிடித்தார். அடுத்த தடவை அவர் வந்ததும் சிஸ்டர் அறை நடுவில் நின்று, நான் சொன்னது தப்பு, விசாரிச்சேன், தங்கமீன் மாசக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். முப்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட எந்த மாணவனிடமும் நான் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவரை உண்மையிலேயே பிடித்துப்போனது.

இவ்வளவு பேசுபவர் வீட்டில் எப்படி என்று எனக்கு ஓர் அரிப்பு. என் மனைவிக்கு அவர் சிநேகிதியாகிவிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சின்ன அடுக்குமாடி வீடு. பால்கனியில் அவருடைய நீல யூனிஃபார்ம் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. கணவர் தண்ணீர் கேன் போடும் வேன் ஓட்டுபவர், மகள் கல்லூரியில். நாங்கள் இருந்த நேரம் முழுக்க கணவரும் மகளும்தான் பேசினார்கள். சிஸ்டர் காய் நறுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, சும்மா இருந்தார். கிளம்பும்போது கணவர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு ரகசியம் கேட்பதுபோல் கேட்டார், "அங்க நெறைய பேசுவாளாமே சார், நெசமா?" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பேச்செல்லாம் அவருடைய சுபாவமே இல்லை. வேனில் ஓடும் ரேடியோவிலும், மகள் காட்டும் வீடியோவிலும், பேருந்தில் கிடக்கும் பத்திரிகையிலும் பொறுக்கி, மனதில் போட்டுக்கொண்டு, எங்களுக்காகக் கொண்டுவருகிறார். வாயை மூடிக்கொண்டிருக்க ஆசைப்படும் ஒரு மனுஷி நாள் முழுக்கப் பேசுகிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வார்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துப் போகிறவர்கள், மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போகிறவர்கள், இப்படித் திரும்பி வராதவர்களுக்கு மட்டும் பதிலை அன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுவார். யாரையும் பாதிக் கேள்வியோடு அனுப்ப மாட்டார். அவர் கேள்வியும் பதிலும் ஒரே நாளில் சொன்னால், அந்த ஆள் இனி வரப்போவதில்லை என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கை தட்டுவோம், இனிப்பு கேட்போம்.

தலைவர் விஷயம் வேறு. ஒரு சின்ன ஊரில் பூனை ஒன்று பல வருஷம் கௌரவ மேயராக இருந்தது என்று சிஸ்டர் சொன்ன நாளிலிருந்து, அந்தப் பூனைக்கு விழுந்த மரியாதை எனக்கு விழலையே என்று புலம்பிக்கொண்டே இருப்பார். எங்களைச் சிரிக்கவைப்பதற்கென்றே புலம்புவார். அவரிடம் சிஸ்டர் கேட்ட கடைசிக் கேள்வி, உலகத்தில் இரண்டு நாடுகளுக்கு நடுவே நடந்த மிகச் சின்னப் போர் எவ்வளவு நேரம் நடந்தது என்பது. தலைவர், எங்க வீட்டுச் சண்டையே ஒரு வாரம் ஓடும், அதனால ஒரு வாரம்னு போடுங்க என்றார். அதற்கடுத்த தடவை அவர் நாற்காலி காலியாக இருந்தது. வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

சிஸ்டர் வந்தார். எங்களுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் அந்தக் காலி நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றார். அதன் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, சாதாரணமாக எங்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்.

"முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு, தலைவரே."

பார்லர் அக்கா ஓவென்று அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

தலைவர் போன பிறகு எனக்குள் எதுவோ விட்டுப்போனது. கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிற வலி முன்பும் உண்டு, இப்போது அதைப் பொறுக்கக் காரணம் தெரியவில்லை. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அது கரைவதற்குள் தாகத்தை ஏமாற்ற வேண்டும். அந்த ஏமாற்று வேலையும் சலித்துப்போனது. டிரைவிங் ஸ்கூல் காரைக் கொடுத்தாகிவிட்டது. என்னைக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் தவிர என் மனைவிக்கு வேறு வாழ்க்கையே இல்லாமல் போய்விட்டது. போதும், நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சில வாரம்கூடத் தாங்காது. தெரிந்தேதான் முடிவெடுத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் நிறைய புள்ளிவிவரம் சொன்னார், யோசியுங்கள் என்றார். யோசித்தாகிவிட்டது என்றேன். கடைசியாக ஒரு தடவை போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போனேன்.

சிஸ்டருக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல் ஊசியோடு வந்தார்.

"மாஸ்டர், இத்தனை நாள்னு கணக்கே இல்லாம, யாராவது ஒருத்தர் ஜெயிக்கிற வரைக்கும் ஆடியே தீர்றதுன்னு ஒரு டெஸ்ட் மேட்ச் ஆரம்பிச்சாங்க. நாள் கணக்கா ஆடினாங்க. கடைசியில யாரும் ஜெயிக்காமலே மேட்ச் நின்னு போச்சு. ஏன்?"

நடுவில் இரண்டு மூன்று தடவை வந்து கிளறிப் பார்த்தார். தெரியல என்றேன். அழுத்தத்தைப் பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்தோடு போனார். நாலு மணி நேரம் முடிந்து ஊசிகளை உருவி, ரத்தம் நிற்பதற்காகப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரும் நகர முடியாது, நானும் நகர முடியாது. அப்போது சொன்னேன், இனி வரமாட்டேன் என்று.

வீட்டுக்குத் தெரியுமா என்றார். தெரியும். டாக்டருக்கு? சொல்லியாச்சு. அவர் உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சுடச்சுடப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். சரி மாஸ்டர் என்றார். பஞ்சை அழுத்தியபடியே நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப பதிலச் சொல்லிடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீன்தொட்டிக்காரர் ரிமோட்டை எடுத்து, சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தை நிறுத்தினார். பார்லர் அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இயந்திரங்களின் சக்கரம் சுற்றும் ஓசை மட்டும் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. காலி நாற்காலியும் அதன் கைப்பிடியில் இருந்த அந்தக் கையும் என் கண் முன்னால் வந்து நின்றன. நான் இன்னும் நாற்காலியில் இருந்தேன். கை சூடாக இருந்தது. பஞ்சுக்கு அடியில் என் ரத்தம் துடித்துக்கொண்டிருந்தது.

"அந்த டீம்—" என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்றேன்.

"என்ன மாஸ்டர்?"

"இப்ப வேண்டாம். வியாழக்கிழமை வந்து கேட்டுக்கறேன்."

அவர் பஞ்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். ஒட்டும்போது கோணிக்கொண்டது, பிரித்து மறுபடி ஒட்டினார், மறுபடியும் கோணல். லேட்டா வராதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகக் கை கழுவும் இடத்துக்குப் போனார். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை வரணும் என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அது தந்திரமா என்று பிற்பாடு ஒரு நாள் அவரிடமே கேட்டேன். பார்லர் அக்கா சத்தியமாகத் தந்திரம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல மாஸ்டர். உங்க உசுரு, உங்க முடிவு. சொல்லி அனுப்பணும்னுதான் ஆரம்பிச்சேன். நிறுத்தினது நீங்க."

நான் அதை நம்புகிறேன். அதனால்தான் அவர் மேல் எனக்கு இத்தனை மரியாதை. என்னைக் கெஞ்சியிருந்தால் நான் முறுக்கிக்கொண்டு போயிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். ஏமாற்றியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அவர் என் முடிவை என் கையிலேயே வைத்து, அதன் எடை எவ்வளவு என்று மட்டும் காட்டினார்.

சரி, வியாழக்கிழமை பதில் சொன்னாரா? சொல்லவில்லை. புதுக் கேள்வி கேட்டார். பழையதற்குப் பதில் எங்கே என்றேன். அடுத்த தடவை என்றார். அடுத்த தடவையும் அதேதான். இப்போது வருஷங்கள் ஓடிவிட்டன. மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வருகிறது. அந்த ஒன்று மட்டும் நிலுவையில் நிற்கிறது. மழையா என்று கேட்டுப் பார்த்தேன், சிரித்தார். அம்பயர் மயங்கி விழுந்துவிட்டாரா, ஸ்டேடியத்தில் கல்யாணம் ஏதாவது இருந்ததா என்றெல்லாம் கேட்டாகிவிட்டது. 'அந்த டீம்' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறேன். என் மனைவி அன்றைக்கே போனில் பார்த்துவிட்டாள் என்று எனக்குச் சந்தேகம். கிரிக்கெட் பேச்சு எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் ஒரு நிமிஷத்தில் தேடி எடுத்துவிடுவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். என்னை எங்கேயாவது பார்த்தால் வேறு எதை வேண்டுமானாலும் பேசுங்கள், நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த லட்சணத்தைத் திட்டக்கூடச் செய்யுங்கள். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்குக் காலையில் எனக்கு டயாலிசிஸ் இருக்கிறது, போய் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.